முன்சக்கரம் சொல் கேட்காத கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

"வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது அண்ணே." புகார் இவ்வளவுதான். சொன்னவர் மதுரை விளக்குத்தூண் பக்கம் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை நடத்தும் குடும்பத்தின் இளையவர். வண்டி 2010ஆம் ஆண்டின் போர்ஷே கேமன். 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன், சுமார் 1,330 கிலோ எடை. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். திரும்புவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. அதைத் திரும்பவில்லை என்று ஒருவர் சொன்னால், குறை வண்டி பிறந்தபோது வந்ததல்ல, பிற்பாடு வந்து சேர்ந்தது என்று சந்தேகப்படலாம்.

கப்பலூர் பக்கம் எனக்கு வீல் அலைன்மெண்ட் பட்டறை. வருவதில் பாதி வாடகைக் கார்கள், மீதி வேன்களும் சிறு லாரிகளும். 1911இல் டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கிய ஊர் இது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருக்கிறது. ரப்பரைப் பற்றிப் பேச மதுரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பந்தயப் பாதைதான் இல்லை. அதற்குக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக்குப் போக வேண்டும். கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரால் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கே இருக்கிறது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். நேர்ப்பாதைகள் குறுகியவை, வளைவுகளே அதிகம். குதிரைத்திறனைக் காட்டி மற்றவர் கண்ணில் மண் தூவ அங்கே வழியில்லை.

டிராக் டே என்பது பந்தயமல்ல. பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்த வண்டியைப் பாதையில் முறைவைத்து ஓட்டும் நாள். பரிசு கிடையாது. ஜவுளிக்கடைத் தம்பி ஒரு முறை போய்வந்து, மனம் நொந்து என்னிடம் வந்திருந்தார். கையில் ஒரு பட்டியல்: இன்னும் கடினமான ஸ்பிரிங், உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் இன்னும் தடிப்பாக, பின்னால் ஒரு இறக்கை. மொத்த விலையில் இன்னொரு சிறிய கார் வாங்கலாம்.

"எந்த வளைவில் திரும்பவில்லை? பிரேக்கை விடும்போதா, வளைவின் நடுவிலா, வெளியேறும்போதா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எல்லா இடத்திலும்தான்" என்றார். வயிறு வலிக்கிறது என்று வருபவரிடம் எங்கே என்று கேட்டால் உடம்பு முழுக்க என்று சொல்வது மாதிரி. பட்டியலை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு வண்டியைத் தூக்கினேன்.

முன் டயர் இரண்டும் வெளியோரம் மொட்டை. உள்ளோரத்தில் புது டயரின் பள்ளம் அப்படியே இருந்தது. குதிகால் சாய்த்து நடப்பவரின் செருப்பு ஒரே பக்கம் தேய்வதைப் போல. பின் டயர்கள் ஒழுங்காகத் தேய்ந்திருந்தன. முன் கேம்பர் இடப்பக்கம் எதிர் 0 பாகை 40 நிமிடம், வலப்பக்கம் எதிர் 0 பாகை 25 நிமிடம். கேம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை சாய்ந்திருக்கும் கோணம். உள்பக்கம் சாய்ந்தால் எதிர். 60 நிமிடம் ஒரு பாகை. இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாதது ஒரு குறை. பாதைக்கு இது மிகக் குறைவு என்பது பெரிய குறை.

சக்கரத்தின் அடியைப் பிடித்திருக்கும் முன் லோயர் ஆர்மில் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பியபோது, அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் வாயைப் பிளந்தது. இத்தனை வருட மதுரை வெயிலுக்கு ரப்பர் என்ன செய்யும்? இந்த புஷ் தளர்ந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் ஒதுங்கும், அலைன்மெண்ட் எந்திரத்தில் நாம் பார்த்த கோணம் ஓட்டத்தில் இருக்காது.

மூன்றாவதாகக் கண்டது, முந்தைய ஆண்டு வெளியூர்க் கடை ஒன்று மாட்டிவிட்ட குட்டை ஸ்பிரிங். வண்டி 35 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

கேபிள் டை சொன்ன சாட்சி

காரணம் என்னவென்று எனக்குள் ஒரு ஊகம் இருந்தது. ஊகத்துக்கு வேலை செய்து பணம் வாங்கக் கூடாது என்பதால் பிப்ரவரியில் நானும் அவருடன் ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகச் செட்டிபாளையம் போனேன். எடுத்துப் போனவை மூன்றே பொருள்: நல்ல காற்றளவி, ஊசி முனை வெப்பமானி, இரண்டு ரூபாய் பிளாஸ்டிக் கேபிள் டை நான்கு.

வெப்பமானியைப் பற்றி ஒரு சொல். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் கருவி டயரின் மேல்தோலை மட்டும் பார்க்கிறது. வண்டி பாதையிலிருந்து உள்ளே வருவதற்குள் தோல் ஆறிவிடும். ஊசியை ரப்பருக்குள் செலுத்தி உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் உடனே எடுக்க வேண்டும். இட்லி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பதுபோல்தான்.

கேபிள் டையை முன் சாக் அப்சார்பரின் மின்னும் தண்டில், தூசி உறையை விலக்கிவிட்டு, அடியில் இறுக்கமாகக் கட்டினேன். சக்கரம் மேலே ஏறும்போது அப்சார்பரின் உடல் அதை மேலே தள்ளும். இறங்கும்போது டை அங்கேயே நின்றுவிடும். அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

ஆறு சுற்று ஓடி உள்ளே வந்தது வண்டி. சுமை அதிகம் தாங்கிய முன் டயரில் உள்ளோரம் 62 பாகை செல்சியஸ், நடு 74, வெளியோரம் 91. ஒரே டயரின் இரு ஓரங்களுக்கு இடையே 29 பாகை வித்தியாசம். டயர் ஆறியிருந்தபோது 33 பி.எஸ்.ஐ. வைத்த காற்று 40க்கு ஏறியிருந்தது. அந்த ரப்பரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்தது, மீதி வேடிக்கை பார்த்தது.

பிறகு தூசி உறையைத் தூக்கினேன். கேபிள் டை மேலே போய், பம்ப் ஸ்டாப் எனப்படும் தடுப்பு ரப்பரின் அடி விளிம்பில் பதிந்து, தன் பல்வரிசையின் தடத்தை ரப்பரில் விட்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "அப்படியென்றால் ஸ்பிரிங்கே வேலை செய்யவில்லையா?" என்றார். செய்தது, வளைவின் முதல் பாதியில் மட்டும். அதன்பின் முன் மூலை ரப்பர் கட்டையின் மேல் நின்றது. அந்தக் கணத்தில் முன்பக்கம் திடீரென்று பாறையாக இறுகுகிறது. பின் அச்சு பங்கிட வேண்டிய சுமை மாற்றத்தையும் வெளிப்புற முன் டயரே வாங்கிக்கொண்டு பிடியை விடுகிறது. ஸ்டியரிங்கைக் கூடுதலாகத் திருப்பினாலும் வண்டி நேரே போகிறது. இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தால் ரப்பரில் இடிப்பது நின்றிருக்கும், உண்மைதான். ஆனால் டயர் வெளியோரத்தில் மட்டும் நிற்கும் நோய் அப்படியே இருந்திருக்கும்.

வண்டியைத் தாழ்த்தினால் நன்றாகத் திரும்பும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் எவ்வளவு உண்மை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளோடு 1,400 கிலோ, வளைவில் புவியீர்ப்பின் 0.9 பங்கு பக்கவிசை, எடை மையம் தரையிலிருந்து 48 சென்டிமீட்டர், இரு சக்கரத்துக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை ஏறத்தாழ 400 கிலோ. ஸ்பிரிங் கடினமா மென்மையா என்பதற்கும் இந்தக் கூட்டுத்தொகைக்கும் சம்பந்தமில்லை. ஸ்பிரிங்கும் பாரும் அந்த 400 கிலோவை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன, அவ்வளவே. வண்டியை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 400இல் 25 கிலோ குறையும்.

அந்த 25 கிலோவுக்கு என்ன விலை கொடுத்தோம்? இந்த வண்டியில் முன்னும் பின்னும் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். சக்கரத்தின் அடியைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும். அப்போது சக்கரம் ஏறும்போது ஆர்மின் நுனி வெளியே போகும், சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்படும், கேம்பர் கொஞ்சமாவது கூடும். இங்கே வண்டி இறங்கியதில் ஆர்ம் படுக்கைவாட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. இனிச் சக்கரம் ஏறினால் ஆர்ம் அடியை உள்ளே இழுக்கும். வண்டி சாயச் சாய, டயர் வெளியோரத்தின் மேல் உருளும். போதாக்குறைக்கு, உடல் எதை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையேயான நெம்புகோல் நீள்கிறது. குட்டை ஸ்பிரிங் போட்டும் சாய்வு குறையாததற்கு அதுவே காரணம். கொடுத்தது மூட்டை, வாங்கியது முடிச்சு.

செய்த வேலை

முதல் வேலை, பழைய ஸ்பிரிங்கைத் தேடுவது. குட்டை ஸ்பிரிங் மாட்டியவர்கள் நல்லவேளையாகக் கழற்றியதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஜவுளிக் கிடங்கில், சேலைப் பொதிகளுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வரும்போது கூடவே தம்பியின் அப்பாவும் வந்தார். அவருக்கு வளைவும் தெரியாது, கேம்பரும் தெரியாது. அவருடைய குறை வேறு. "வீட்டு வாசல் வேகத்தடையில் அடி தட்டுகிறது தம்பி. குலதெய்வம் கோயிலுக்கு இந்த வண்டியில் ஒரு தடவையாவது போக முடியுமா, முடியாதா?" என்று என்னைக் கேட்டார். வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரப் போகிறேன் என்றதும் மகனைப் பார்த்த பார்வையில் ஒரு வருட வழக்கு தீர்ந்த நிம்மதி இருந்தது.

பொடிந்துபோன தடுப்பு ரப்பரை மாற்றினேன். புஷ் பிளந்த ஆர்ம்களுக்குப் பதிலாக போர்ஷேயின் ஜிடி3 வகையின் இரண்டு துண்டு லோயர் ஆர்ம் வரவழைத்தோம். இதன் இரு துண்டுகளுக்கு நடுவே தகடுகளைச் செருகி ஆர்மை நீட்டலாம். இந்தப் பட்டியலில் பணம் விழுங்கிய பொருள் இது ஒன்றுதான், அதற்குத் தகுதியும் உண்டு. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் பார்சல் ஊருக்குள் வந்து மாட்டிக்கொண்டது. திருவிழா முடிந்து கையில் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை வண்டி நான்கு ஸ்டாண்டின் மேல் நின்றது. போகிற வருகிறவரெல்லாம் விலை கேட்டார்கள்.

பழைய உயரத்துக்கு வந்ததும் கேம்பர் எதிர் 10 நிமிடத்துக்குப் போய்விட்டது. ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் உள்ள நீள்துளையில் உள்பக்கம் தள்ளி அரைப் பாகை எடுத்தேன். மீதி தகடு. ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயிண்டுக்கும் ஸ்ட்ரட் தலைக்கும் உள்ள உயரத்தைக் கொண்டு பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் தகடு ஏறத்தாழ 6 நிமிடக் கேம்பர் தரும். பக்கத்துக்கு 16 மில்லிமீட்டர் போட்டதில் இரு பக்கமும் எதிர் 2 பாகை 15 நிமிடம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

கேம்பரைத் தொட்டால் டோ கெடும். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம். சக்கரத்தின் அடி வெளியே போனாலும் சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் பழைய நீளத்திலேயே இருக்கிறது அல்லவா? இதை மறந்து கேம்பரோடு வண்டியை அனுப்பிவிடும் பட்டறைகள் உண்டு. முன் டோவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். பின்னால் கேம்பர் எதிர் 1 பாகை 50 நிமிடம், சக்கரத்துக்கு 10 நிமிடம் உள்நோக்கிய டோ. நடு எஞ்சின் வண்டியில் வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் வால் வெளியே வரத் துடிக்கும். பின் சக்கரங்கள் சற்று உள்நோக்கியிருந்தால் அந்தத் துடிப்பு அடங்கும். இதைக் குறைத்து ஸ்டியரிங்கைச் சுறுசுறுப்பாக்குவது, புது ஓட்டுநருக்கு நான் செய்ய மாட்டாத வேலை.

அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் ஆள் எடை இருக்க வேண்டும். தம்பிக்குக் கடை நேரம். 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று வாங்கி வந்து இரண்டை இருக்கையிலும் ஒன்றைக் கால்வைக்கும் இடத்திலும் வைத்தோம். சிவப்புத் தோல் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு பொன்னி அரிசி உட்கார்ந்திருந்ததைப் பட்டறைப் பையன் படமெடுத்துத் தன் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக. நாலாவது சுற்றில் பெடல் பஞ்சாகிறது என்று தம்பி சொல்லியிருந்தார். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாயில் குமிழி, குமிழி வந்தால் பெடல் உள்ளே போகும். மூன்று வருடமாக மாற்றாத ஆயில். 300 பாகைக்கு மேல் தாங்கும் டாட் 4 வாங்கி முழுக்க மாற்றினோம்.

ஸ்டெபிலைசர் பார், இறக்கை எதையும் தொடவில்லை.

ஜூலையில் மறுபடி

காற்றின் வெப்பம் பிப்ரவரியில் இருந்ததைப் போலவே 32 பாகை. டயர் புதிது, அதே நிறுவனம், அதே ரகம். முன் டயரில், ஆறியிருக்கும்போது 27 வைத்தேன். ரப்பர் 82 பாகைக்குப் போகும்போது 34இல் வந்து நிற்கும் என்பது கணக்கு.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் பின் டயரின் காற்றைச் சாலைக்கு வைத்த 36இலேயே விட்டுவிட்டேன். சூடேறி 44 ஆகிவிட்டது. இதுவரை முன்சக்கரம் முதலில் பிடி விடும், தம்பி பயந்து காலை எடுப்பார், வண்டி பொறுத்துக்கொள்ளும். இப்போது முன்சக்கரம் பிடித்தது. பழக்கதோஷத்தில் வளைவின் நடுவில் காலை எடுத்தார். வால் சுழன்று, வண்டி ஒரு முழு வட்டமடித்துப் பாதைக்கு வெளியே புல்லில் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. வண்டி சறுக்கினால் தானே அடக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அணைத்திருந்தார். அவர் தவறும் என் தவறும் ஒரே வளைவில் சந்தித்துக்கொண்டன. பின் காற்றை 30க்கு இறக்கி, பொத்தானை மறுபடி அழுத்தவைத்து அனுப்பினேன்.

அடுத்த ஓட்டத்தில் அதே முன் டயர்: உள்ளோரம் 85, நடு 82, வெளியோரம் 79. காற்று 34. உள்ளோரம் சற்றுச் சூடாக இருப்பதே சரி, நேர்ப்பாதையில் எதிர்க் கேம்பர் அந்த ஓரத்தைத்தானே தரையில் தேய்க்கிறது. தூசி உறையைத் தூக்கினால் கேபிள் டைக்கும் தடுப்பு ரப்பருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம்.

சிறந்த சுற்று பிப்ரவரியைவிட 2.3 விநாடி குறைந்தது. அதைவிட எனக்குப் பிடித்த எண் வேறு. அன்று ஐந்து சுற்றுகளுக்கு இடையே ஒன்றரை விநாடி ஏற்ற இறக்கம் இருந்தது. இன்று 0.4. அடுத்த வளைவில் வண்டி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதில் வண்டியின் பங்கு எவ்வளவு, அவர் கற்றுக்கொண்டது எவ்வளவு என்ற கேள்வி நியாயமானது. பிற்பகலில் ஒரு சோதனை செய்தேன். அவரிடம் சொல்லாமல், சூட்டிலேயே முன் காற்றை 40க்கு ஏற்றி அனுப்பினேன். 0.8 விநாடி போயிற்று. உள்ளே வந்ததும், "அண்ணே, முன்னால் என்னவோ செய்துவிட்டீர்கள், பிரேக்கை விட்டதும் ஒதுங்குகிறது" என்றார். பிப்ரவரியில் "எல்லா இடத்திலும்தான்" என்று சொன்னவர் இப்போது எந்த நொடியில் என்று சொன்னார். காற்றை இறக்கிவிட்டேன், விநாடி திரும்பி வந்தது.

ஓட்டுவதில் ஒன்றே ஒன்றுதான் மாற்றச் சொன்னேன். வளைவுக்கு முன்பே பிரேக்கை முழுக்க விட்டுவிட்டுத் திருப்புவார். விட்டவுடன் மூக்கு தூக்கி, முன் டயரின் மேல் இருக்கும் எடை குறைந்துவிடும். திருப்பத் தொடங்கும்போதும் பிரேக்கில் கொஞ்சம் அழுத்தம் மீதி வைத்து, ஸ்டியரிங் கூடக்கூட அதைக் கரைத்துக்கொண்டே வரச் சொன்னேன். பத்துச் சுற்றில் மூன்றில் சரியாக வந்தது. அவசரமில்லை.

இவ்வளவு எதிர்க் கேம்பரோடு ஊருக்குள் ஓட்டினால் உள்ளோரம் சீக்கிரம் தேயுமே என்ற கவலை எனக்கும் இருந்தது. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் என்பதால் இடம் மாற்றிப் போடவும் வழியில்லை. வேண்டுமானால் தகடுகளை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். போன வாரம் வண்டி வந்தது. ஜூலைக்குப் பிறகு இரண்டு டிராக் டே, அழகர்கோயில் சாலை, அப்பாவோடு குலதெய்வம் கோயில் என்று 4,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முன் டயரின் பள்ளத்தை அளந்தேன். உள்ளோரம் 4.8 மில்லிமீட்டர், நடு 5.0, வெளியோரம் 4.9. ஊர் ஒரு ஓரத்தைத் தின்கிறது, செட்டிபாளையம் இன்னொரு ஓரத்தைத் தின்கிறது. தகடுகளை அப்படியே விட்டுவைத்தேன்.